ஜெபக் குறிப்பேடு: எதை எழுதுவது, எதை எழுதாமல் விடுவது?

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம், கடலூர்)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வருஷக் கடைசி இரவு ஆராதனையில் எங்கள் சபைப் போதகர் ஐயர், வாலிபர் எல்லாரையும் இந்த வருஷம் ஜெபக் குறிப்பேடு எழுதச் சொன்னார். நானும் ஒரு நோட்டு வாங்கி, அங்கே கொடுத்த வாக்குத்தத்த வசன அட்டையை முதல் பக்கத்தில் ஒட்டி ஆரம்பித்துவிட்டேன். ஆனால் உட்கார்ந்தால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பி.எட். முடித்து வேலைக்குக் காத்திருக்கிறேன். அதனால் எனக்கு வேலை, தம்பிக்குப் படிப்பு, அப்பாவுக்குச் சர்க்கரை குறைய வேண்டும், இந்த மூன்றுதான் திரும்பத் திரும்ப வருகிறது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு மனு எழுதிக்கொண்டு போவது போலவே இருக்கிறது. ஆண்டவரிடம் பேசுகிற மாதிரி இல்லை.

இன்னொரு கவலையும் உண்டு. எங்கள் வீட்டில் எனக்கென்று தனி அறை கிடையாது. அம்மாவோ தம்பியோ எடுத்துப் படித்துவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயத்திலேயே மனசில் இருப்பது பேனாவுக்கு வரமாட்டேன் என்கிறது.

பல வருஷமாக எழுதுகிறவர்கள் சொல்லுங்கள். இதனால் விசுவாசத்தில் உண்மையிலேயே வளர்ச்சி வருமா? அல்லது சும்மா ஜெபித்தாலே போதுமா?

பழையதுறைமுகம் (கடலூர் முதுநகர்)

மகளே, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். பலன் உண்டு. ஆனால் எழுதுகிற அன்றைக்கு அது தெரியாது. பழைய நோட்டை எடுத்துப் படிக்கும்போதுதான் தெரியும். நாம் ஜெபித்தது நமக்கே மறந்துபோகிறது. கேட்டது கையில் வந்த பிறகு, அதைக் கேட்டு அழுதோம் என்பதே நினைவில் இருப்பதில்லை. இயேசு சுகமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளில் ஒன்பது பேர் நன்றி சொல்லத் திரும்பி வரவில்லை என்று பிரசங்கத்தில் கேட்கிறோம். அவர்கள் நன்றி கெட்டவர்கள் என்பதைவிட, சுகம் கிடைத்த சந்தோஷத்தில் மறந்தவர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்று வேதாகமப் பாடல்களான சங்கீதங்களில் சங்கீதக்காரன் தன் ஆத்துமாவுக்கே புத்தி சொல்கிறான். மறந்துபோகும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

மனு எழுதுவதில் தப்பே இல்லை. "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்பதும் மனுதான், அதைக் கற்றுக்கொடுத்தவர் ஆண்டவரே. ஆனால் மனுவில் வேண்டியது மட்டும் இருக்கும், எழுதுகிற ஆள் இருக்கமாட்டார். உனக்கு வேலை வேண்டும் என்பது சரி. வேலை இல்லாமல் இன்றைக்கு எப்படி இருந்தது? கூடப் படித்தவள் வேலையில் சேர்ந்த சேதி வந்தபோது மனசில் என்ன வந்தது? அதையும் எழுது.

எப்படி என்று கேட்டால் 13-ஆம் சங்கீதத்தைக் காட்டுவேன். ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்குகிறது. எதுவரைக்கும், எதுவரைக்கும் என்று நாலு தடவை கேட்கிறான். அதற்குப் பிறகுதான் விண்ணப்பம் வருகிறது. கடைசியில்தான் "உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்கிறான். அந்தச் சங்கீதத்தை மெதுவாக ஒரு தரம் வாசித்துவிட்டு, அதே வரிசையில் உன் சங்கீதத்தை எழுதிப் பார். கடைசிப் பகுதி வராத நாட்களில் அதை விட்டுவிடு. வராத நம்பிக்கையை வந்ததாக எழுதாதே.

இன்னொன்று. பழைய வேதாகமத் தமிழிலேயே எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை. "கிருபையாய்த் தந்தருளும்" என்று எழுத ஆரம்பித்தால் கை தானாக நல்ல பிள்ளை மாதிரி எழுதிவிடும். "அப்பா, இன்றைக்கு ரொம்பக் களைப்பாக இருக்கிறது, ஜெபிக்கவே பிடிக்கவில்லை" என்று உன் பேச்சில் எழுது.

உப்பளத்து அக்கா (புதுச்சேரி)

இயேசுவுக்கே புகழ். நான் கத்தோலிக்கப் பெண், நர்ஸ் வேலை. ஐயா சொன்ன சங்கீத முறையை நானும் செய்து பார்க்கப் போகிறேன். எங்கள் பக்கத்தில் இருக்கிற ஒரு வழக்கத்தைச் சொல்கிறேன் தங்கச்சி, உனக்கு உதவலாம்.

இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் தன் சபையாருக்குக் கற்றுக்கொடுத்த ஆன்ம பரிசோதனை ஐந்து படி. முதலில் நன்றி. அப்புறம், இந்த நாளை உள்ளபடி பார்க்க வெளிச்சம் தாரும் என்று கேட்பது. மூன்றாவது, காலையிலிருந்து மணி மணியாக நாளைத் திரும்பிப் பார்ப்பது. நான்காவது மன்னிப்பு. கடைசியாக நாளைக்கு என்ன திருத்தப் போகிறேன் என்பது. கால் மணி நேரம் போதும். இதில் மனசு பெரும்பாலும் மூன்றாவது படியில்தான் திறக்கும். வார்டில் ஒரு தாத்தாவிடம் எரிந்து விழுந்தது, மதியம் யாரோ சாப்பாட்டில் பாதியைப் பகிர்ந்தது, இரண்டும் அங்கேதான் வரும்.

அவர் எழுதுவதை எவ்வளவு எளிதாக வைத்திருந்தார் என்பது எனக்குப் பிடிக்கும். திருத்திக்கொள்ள நினைக்கிற ஒரே ஒரு குறையை எடுத்துக்கொண்டு, நாளுக்கு இரண்டு கோடு போட்டு, தவறிய ஒவ்வொரு முறையும் கோட்டில் ஒரு புள்ளி வைக்கச் சொன்னார். எழுத வராதவர்கள்கூட புள்ளி வைக்கலாமே. அவருடைய சொந்தக் குறிப்பேட்டில் 1544, 1545 வருஷத்துப் பகுதி இன்றும் இருக்கிறது. திருப்பலியில் எப்போது கண்ணீர் வந்தது, எப்போது வரவில்லை என்று அதில் நாள்வாரியாகக் குறித்திருக்கிறார். பெரிய பெரிய வாக்கியம் ஒன்றும் இல்லை.

இரவுப் பணி முடிந்து வந்தால் எனக்கு ஒரு பக்கம் எழுதத் தெம்பு இருக்காது. அந்த நாட்களில் ஐந்து படிக்கும் ஒவ்வொரு வரி எழுதுவேன். நீயும் நிறைய எழுத வேண்டும் என்று நினைக்காதே.

சத்தியவசனம் (திருப்பாதிரிப்புலியூர்)

மன்னிக்கவும், வேறு மாதிரி ஒரு கருத்து. ஆவியானவர் எல்லாவற்றையும் நினைப்பூட்டுவார் என்று யோவான் 14:26-இல் வாக்கு இருக்கிறது. அப்புறம் நோட்டு எதற்கு? இயேசு அறைவீட்டுக்குள் பிரவேசித்துக் கதவைப் பூட்டி ஜெபம்பண்ணச் சொன்னாரே தவிர எழுதச் சொல்லவில்லை. எழுத ஆரம்பித்தால் ஜெபிக்கிற நேரமே எழுதுவதில் போய்விடும்.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. இப்போது பலர் நோட்டில் "கர்த்தர் இன்று என்னோடு பேசினார், இந்த இடத்தில்தான் கல்யாணம் என்றார், இந்த வேலைதான் என்றார்" என்று எழுதிவைக்கிறார்கள். தன் ஆசையை எழுதிவிட்டு அதற்கு ஆண்டவர் பெயரைப் போடுவது சாதாரண விஷயம் இல்லை. எழுத்தில் பார்த்ததும் அதுவே வேதம் போல ஆகிவிடுகிறது.

பழையதுறைமுகம்

சகோதரரே, இரண்டாவது பயம் நியாயமானது. முழுக்க ஏற்றுக்கொள்கிறேன். என் வாலிபர் வகுப்பில் "கர்த்தர் சொன்னார்" என்று எழுதக் கூடாது, "எனக்கு இப்படித் தோன்றியது" என்றே எழுத வேண்டும் என்பேன். பக்கத்தில் தேதி போடச் சொல்வேன். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அது ஆண்டவர் நடத்தினதா, நம் ஆசையா என்று ஓரளவு தெரியும். "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்ற கட்டளைக்கு எழுதிவைத்தது உதவியாகத்தான் இருக்கிறது. எழுதாதவன் தன் பழைய நினைப்பை இப்போதைய நினைப்புக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வான்.

ஆனால் முதலாவதில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. இஸ்ரவேலர் அமலேக்கியரை ஜெயித்த அன்றைக்கே கர்த்தர் மோசேயிடம், இதை நினைவுகூரும்பொருட்டு ஒரு புஸ்தகத்தில் எழுது என்றார் (யாத்திராகமம் 17:14). யோர்தானைக் கடந்தபோது பன்னிரண்டு கல்லை எடுத்து வைக்கச் சொன்னார். சங்கீதம் 102-இல் "பின்சந்ததிக்காக இது எழுதப்படும்" என்று இருக்கிறது. அந்தச் சங்கீதத்தின் தலைப்பே துயரப்படுகிறவன் செய்யும் விண்ணப்பம் என்பதுதான். ஆவியானவர் நினைப்பூட்டுவதற்கும் நாம் எழுதிவைப்பதற்கும் சண்டை ஒன்றும் இல்லை.

நம் ஊருக்கும் இதில் பழைய தொடர்பு உண்டு. 1706-இல் மிஷனெரி சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்ததிலிருந்து அந்த மிஷனெரிகள் நாட்குறிப்பு எழுதி ஜெர்மனியில் இருக்கும் ஹாலேக்கு அனுப்பினார்கள். அங்கே அதை அச்சடித்து வெளியிட்டார்கள். கடலூரிலும் 1737-இல் மிஷன் தொடங்கியது. 1740-இல் இங்கே வந்த மிஷனெரி கியர்நாண்டர், 1758-இல் பிரெஞ்சுக்காரர் ஊரைப் பிடித்த பிறகு கல்கத்தாவுக்குப் போனார். அந்தக் காலத்துச் சபையைப் பற்றி இன்றைக்கு நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி அவர்கள் எழுதிவைத்ததால்தான். ஒன்று மட்டும் மகளே: அவை உதவி அனுப்புகிறவர்கள் படிப்பதற்காக எழுதப்பட்டவை. நீ எழுதப்போவது அப்படி இல்லை. யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை.

வில்லியனூர் சாலை (புதுச்சேரி)

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

எங்கள் ஜெபக்குழுவில் கொடுத்த நோட்டில் பக்கத்துக்கு இரண்டு பத்தி. இடது பக்கம் விண்ணப்பம், வலது பக்கம் பதில் கிடைத்த நாள். நான் ஒழுங்காக எழுதி வந்தேன். சின்னச் சின்ன விஷயங்களுக்கெல்லாம் தேதி போட்டு நன்றி எழுதினேன். போன வருஷம் அம்மா படுத்துவிட்டார்கள். அம்மாவுக்காக எழுதியதுதான் அந்த நோட்டிலேயே அதிகம். வில்லியனூர் மாதா கோவிலுக்குப் போய் வந்ததை எழுதினேன். உபவாசம் இருந்ததை எழுதினேன். ஒரு நாள் காய்ச்சல் குறைந்தபோது வலது பக்கத்தில் தேதிகூடப் போட்டேன். அம்மா போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு அந்த நோட்டைத் திறக்க முடியவில்லை. வலது பக்கக் கட்டம் காலியாக இருக்கிறது. குழுவில் ஒருவர் "பரலோகத்தில் பூரண சுகம் கிடைத்துவிட்டது, அதுதான் பதில், எழுதுங்கள்" என்றார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். என்னால் எழுத முடியவில்லை. ஜெபமாலை சொல்கிறேன், கோவிலுக்குப் போகிறேன், விசுவாசத்தை விடவில்லை. ஆனால் அந்த நோட்டை மட்டும் என்ன செய்வது என்று தெரியவில்லை. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை.

உப்பளத்து அக்கா

அண்ணா, அம்மாவின் ஆன்மா ஆண்டவரில் இளைப்பாற இன்று திருப்பலியில் வேண்டிக்கொண்டேன்.

கட்டத்தை யாருக்காகவும் நிரப்பாதீர்கள். கல்கத்தா அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-இல் வெளியானபோது பலருக்கு அதிர்ச்சி. பல வருஷங்கள் மனசுக்குள் கடவுளே இல்லாதது போன்ற இருட்டில் இருந்ததாக ஆன்ம குருக்களுக்கு எழுதியிருந்தார். அந்த இருட்டோடேயே தினமும் காலையில் எழுந்து செபித்துவிட்டு நோயாளிகளிடம் போயிருக்கிறார். 2016-இல் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது அந்த இருட்டை யாரும் மறைக்கவில்லை. பதில் தெரியவில்லை என்று எழுதுவதும் செபம்தான் அண்ணா. கடவுளிடம்தானே சொல்கிறீர்கள்.

பழையதுறைமுகம்

தம்பி, அந்தக் கட்டத்தில் அம்மா இறந்த தேதியை எழுதுங்கள். பதில் என்று எழுத வேண்டாம். அன்றைக்கு நடந்தது என்று எழுதுங்கள். அடுத்த பக்கத்திலிருந்து பத்தி பிரிக்காமல், அம்மாவைப் பற்றி ஆண்டவரிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லுங்கள். கோபம் இருந்தால் கோபத்தையும்.

88-ஆம் சங்கீதத்தைப் படித்துப் பாருங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பும், இது திரும்பாது. சிநேகிதரும் தோழரும் தூரமானார்கள், தெரிந்தவர்கள் மறைந்துபோனார்கள் என்பதோடு முடிந்துவிடுகிறது. அதையும் ஜெபம் என்றுதான் வேதாகமத்தில் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், முதல் வரியில் அவன் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் கூப்பிடுகிறான்.

உங்களுக்கென்று ஒரு வசனமும் தோன்றுகிறது: "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும், அவைகள் உம்முடைய கணக்கில் அல்லவோ இருக்கிறது?" (சங்கீதம் 56:8; துருத்தி என்றால் இங்கே தோல்பை). அம்மாவுக்காக நீங்கள் எழுதிய பக்கங்கள் வீணாகவில்லை. நோட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். திறக்கிற நாள் வரும்போது திறக்கலாம், அவசரம் இல்லை.

இரண்டு பத்தி முறையை நான் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. ஜெபத்தை அது வரவு செலவு ஆக்கிவிடுகிறது.

சத்தியவசனம்

சகோதரரே, உங்கள் துக்கத்துக்கு முன்னால் நான் வாதம் பண்ண வரவில்லை. முன்பு எழுதியபோது யோசிக்காத ஒரு வசனம் இப்போது நினைவுக்கு வந்தது, அதைச் சொல்லத்தான் வந்தேன். மாம்சத்திலே முள் என்று தான் சொன்ன வேதனை நீங்கும்படி பவுல் மூன்றுதரம் வேண்டிக்கொண்டார் என்று 2 கொரிந்தியர் 12-இல் அவரே எழுதியிருக்கிறார். எத்தனை தரம் கேட்டார் என்பதை எழுதினார், கேட்டது நடக்கவில்லை என்பதையும் எழுதினார். "என் கிருபை உனக்குப் போதும்" என்று அவருக்குக் கிடைத்தது அவர் கேட்டது இல்லை. உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

வில்லியனூர் சாலை

எல்லாருக்கும் நன்றி. அதிகம் எழுத வரவில்லை. தேதியை மட்டும் எழுதினேன்.

நெல்லிக்குப்பம் அம்மா

ஐயா சொன்னதில் ஒன்றை மட்டும் மறுத்துச் சொல்ல வேண்டும். நான் போதகர் வீட்டுக்காரி. எங்கள் பெண்கள் ஐக்கிய ஜெபக்கூட்டத்தில் ஒரு பொது நோட்டு இருக்கிறது. அதில் அந்த இரண்டாவது பத்தி இல்லாவிட்டால் கேட்டதை எல்லாரும் கேட்போம், நன்றி சொல்ல ஒருவரும் எழுந்திருக்கமாட்டோம். பொது நோட்டுக்கு அது வேண்டும். சொந்த நோட்டுக்கு வேண்டாம் என்பதில் ஐயாவோடு ஒத்துப்போகிறேன்.

கெடிலக்கரை, உன் இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அது சின்னக் கேள்வி இல்லை கண்ணு. நம் வீட்டுப் பெண்களில் கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபிக்க ஓர் அறை இருப்பவர்கள் எத்தனை பேர்? மாமியார், நாத்தனார், பிள்ளைகள் எல்லாரும் ஒரே கூடத்தில். நான் விடியற்காலையில் அடுப்பங்கரையில் உட்கார்ந்து எழுதுவேன், பால்காரர் வருவதற்குள் முடித்துவிடுவேன். உனக்கும் எல்லாரும் தூங்குகிற ஒரு நேரம் இருக்கும், அதைப் பிடித்துக்கொள். நோட்டைப் பழைய பாடப் புத்தகங்களுக்கு நடுவில் வை. பூட்டு போட்டால்தான் பார்க்கத் தோன்றும். அம்மாவிடம் வெளிப்படையாகவே சொல்லிவிடு: "அம்மா, இது என் ஜெப நோட்டு, பிரிக்காதீங்க." கேட்டுக்கொள்வார்கள் என்றுதான் நினைக்கிறேன். சில வீடுகளில் கேட்கமாட்டார்கள். அப்படியானால் எழுதி ஜெபித்துவிட்டு அந்தத் தாளை அடுப்பில் போட்டுவிடு. எழுதியதற்காகவே வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

எதை எழுதக் கூடாது என்பதைக் கண்டிப்பாகச் சொல்வேன். அடுத்தவர் ரகசியத்தை எழுதாதே. என்னிடம் வந்து அழுகிற பெண்கள் சொல்வது என் நோட்டில் ஒரு வரிகூட இருக்காது. பெயருக்குப் பதில் ஓர் எழுத்து, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. "க. வீட்டுக்காக" என்று போட்டால் ஆண்டவருக்குப் புரியும். வேறு யார் கையில் கிடைத்தாலும் புரியாது. வாட்ஸ்ஆப் ஜெபக்குழுக்களில் "இந்தச் சகோதரியின் கணவர் குடியிலிருந்து விடுபட" என்று பெயர் போட்டு அனுப்புகிறார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அது நாளைக்கு அந்தப் பெண்ணின் பிள்ளைகள் படிக்கிற பள்ளி வரை போகும்.

உனக்கு அநியாயம் செய்தவர்களைப் பற்றி எழுதலாம். ஆனால் அன்றைக்கு ஒரு முறை எழுதி ஆண்டவரிடம் விட்டுவிடு. திரும்பத் திரும்ப எழுதி, தேதி வாரியாகக் குற்றப்பத்திரிகை சேர்க்காதே. அன்பு தீங்கு நினையாது என்று படிக்கிறோமே, அந்த நோட்டே தீங்கை நினைத்துக்கொண்டிருக்கும்.

லாஸ்பேட்டை

அக்கா, அம்மா எல்லாரும் நோட்டு நோட்டு என்கிறீர்கள். நான் போனில் எழுதுகிறேன். லாஸ்பேட்டையிலிருந்து காலாப்பட்டு பல்கலைக்கழகத்துக்குப் பஸ்ஸில் போகும்போது எழுதுவேன். பாஸ்வேர்டு போட்டிருக்கிறேன், யாரும் பார்க்க முடியாது. ஒரு வார்த்தையைத் தேடினால் பழைய ஜெபம் எல்லாம் வந்துவிடும். இதில் குறை ஏதாவது இருக்கிறதா?

உப்பளத்து அக்கா

குறை இல்லை தம்பி. தனி அறை இல்லாதவர்களுக்குப் பாஸ்வேர்டு பெரிய உதவி. எழுதும்போது இணையத்தை மட்டும் அணைத்து வை. நடுவில் ஒரு மெசேஜ் வந்தால் செபம் அங்கேயே நின்றுவிடும். கையால் எழுதும்போது வேகம் குறைவதால் மனசும் கொஞ்சம் நிதானப்படும், அதனால் எனக்கு நோட்டுதான். போனை மாற்றும்போது பழையதை வேறு எங்காவது எடுத்து வைக்க மறக்காதே.

உச்சிமேடு (கடலூர்)

நோட்டில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு 2024 டிசம்பரில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தபோது எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. பீரோவின் அடித்தட்டில் இருந்த என் ஜெப நோட்டுகள் முழுக்க நனைந்துவிட்டன. ஜெல் பேனாவில் எழுதியது கரைந்து நீலக் கறையாகிவிட்டது. சாதாரண பால்பாயிண்ட் பேனாவில் எழுதியது அப்படியே படிக்க முடிந்தது. வெயிலில் போடாமல், பக்கங்களுக்கு நடுவில் செய்தித்தாளை வைத்து, மின்விசிறிக் காற்றில் காயவிட்டேன். செய்தித்தாளை அடிக்கடி மாற்ற வேண்டும். இப்போது பிளாஸ்டிக் உறையில் சுற்றிப் பரண்மேல் வைக்கிறேன். நம் இரண்டு ஊரும் கடலோரம், ஆற்றோரம். இதை இப்போதே செய்துவிடுங்கள்.

கரைந்துபோன நோட்டில்தான் என் மனைவியின் பிரசவ நாட்கள் இருந்தன. அது போனது இன்னும் வருத்தமாகத்தான் இருக்கிறது. மகனுக்கு விவரம் தெரிந்ததும் படித்துக்காட்ட வேண்டும் என்று வைத்திருந்தேன். நினைவில் இருப்பதைப் புது நோட்டில் மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஒழுகரை (ரெட்டியார்பாளையம், புதுச்சேரி)

நாட்குறிப்பு என்றதும் புதுச்சேரிக்காரன் ஆனந்தரங்கப் பிள்ளையை நினைக்காமல் இருக்க முடியாது. அவர் கிறிஸ்தவர் இல்லை, ஜெபத்துக்காக எழுதியவரும் இல்லை. ஆனால் இந்த இழையில் பேசுகிற விஷயத்துக்கு அவரிடம் ஒன்று இருக்கிறது.

1736-இலிருந்து 1761-இல் இறக்கும் வரை தமிழில் எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு விலை, பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸ் என்ன சொன்னார், யார் யாரோடு பகை, எல்லாம் அதில் உண்டு. அவருக்கு முன்பு பிரெஞ்சுக்காரரிடம் தலைமை துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த கனகராய முதலியார் கிறிஸ்தவர். இறந்துபோன தன் மகனின் நினைவாக எங்கள் ஒழுகரையில் 1745-இல் ஆலயம் கட்டினார். அந்த விழாவில் நடந்த விருந்தைப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். நான் அந்த ஆலயத்துக்குத்தான் போகிறேன். ஒவ்வொரு முறையும் ஒன்று தோன்றும். விருந்து நமக்குத் தெரிகிறது. மகனை இழந்த அந்தத் தகப்பன் ஆண்டவரிடம் என்ன சொன்னார், எந்த மனசோடு அந்தக் கல்லை எல்லாம் அடுக்கினார் என்பது தெரியவில்லை. அதைப் பிள்ளையால் எழுதியிருக்க முடியாது. முதலியார் ஒருவர்தான் எழுதியிருக்க முடியும். ஜெபக் குறிப்பேடு என்று நீங்கள் சொல்வது அதுதான் என்று நினைக்கிறேன். வில்லியனூர் சாலை சகோதரர் எழுதியதைப் படித்தபோது எனக்கு முதலியார் நினைவுதான் வந்தது.

போதகரம்மா சொன்ன எச்சரிக்கைக்கும் இவரே சாட்சி. பிள்ளையின் நாட்குறிப்பு 1846-இல் வெளியே தெரிய வந்து, பிரதி எடுக்கப்பட்டு, பிறகு அச்சாகி, இன்றைக்கு யார் வேண்டுமானாலும் படிக்கலாம். யாரைப் பற்றி என்னென்ன எழுதினாரோ எல்லாம் அப்படியே நிற்கிறது. நம் நோட்டும் நமக்குப் பிறகு யார் கைக்காவது போகும். எதை வைப்பது, எதை அழிப்பது என்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவைப்பது நல்லது. அன்னை தெரசாவும் தன் கடிதங்களை அழித்துவிடத்தான் கேட்டுக்கொண்டார். அழிக்காததால் பலருக்கு ஆறுதல் கிடைத்தது உண்மைதான். ஆனாலும் எழுதியவர் விருப்பம் ஒன்று இருக்கிறதே, அதை நினைத்தால் எனக்கு மனசு ஒரு பக்கமாகச் சாய்வதில்லை.

கெடிலக்கரை

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஐயா சொன்னபடி 13-ஆம் சங்கீதத்தை வைத்து எழுதினேன். "எதுவரைக்கும்" என்று ஆரம்பித்ததும் கூடப் படித்தவள் வேலையில் சேர்ந்தது, அதை எங்கள் அத்தை நாலு பேர் முன்னால் சொன்னது எல்லாம் வந்துவிட்டது. வேலை வேண்டும் என்று கேட்கவே மறந்துவிட்டேன். கடைசிப் பகுதி வரவில்லை, காலியாக விட்டிருக்கிறேன்.

அம்மாவிடம் நோட்டைப் பற்றிச் சொன்னேன். "என்னைத் திட்டி எழுதாமல் இருந்தால் சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அப்புறம் இரவு வந்து, அப்பா உடம்புக்காக எழுதுவதில் தன் முழங்கால் வலியையும் சேர்க்கச் சொன்னார்கள். அடுத்தவர் விஷயம் என்றாலும் இது கேட்டு எழுதுவது, தப்பில்லை என்று நினைக்கிறேன், அம்மா?

நெல்லிக்குப்பம் அம்மா

தப்பே இல்லை கண்ணு. தாராளமாக எழுது. முழங்காலுக்கு ஜெபத்தோடு ஒரு டாக்டரையும் பார்க்கச் சொல்.

முத்தியால்பேட்டை (புதுச்சேரி)

இவ்வளவு நாள் படிக்க மட்டும் செய்தேன். நான் எழுதுவதைப் பார்த்து, மூன்றாம் வகுப்பு படிக்கிற என் மகளும் ஒரு நோட்டு கேட்கிறாள். ஞாயிறு பள்ளியில் கொடுத்த வசனத்தை எழுதி, கீழே பூ வரைந்து வைத்திருக்கிறாள். "இயேசப்பா, கணக்கு டீச்சர் நாளைக்கு வரக்கூடாது" என்றும் எழுதியிருக்கிறாள். திருத்த வேண்டுமா, அப்படியே விடலாமா?

பழையதுறைமுகம்

அப்படியே விடுங்கள் அம்மா. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவன் சொல்கிறேன், கணக்கு டீச்சரைப் பற்றி அவளிடம் தனியாகப் பேசுங்கள். அங்கே அடியோ பயமோ ஏதாவது இருக்கலாம், அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் நோட்டில் சிவப்பு மையால் கை வைக்காதீர்கள். எழுத்துப்பிழையையும் திருத்தாதீர்கள். அவளாகக் காட்டினால் பாருங்கள், காட்டாத பக்கத்தைக் கேட்காதீர்கள். வரைவதற்கு இடம் வேண்டும், அதனால் ஒரு பக்கம் கோடு போட்டு மறுபக்கம் வெள்ளையாக இருக்கிற நோட்டு வாங்கிக் கொடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அறிவியல் பாடத்துக்கு வாங்குவோமே, அது எல்லாக் கடையிலும் கிடைக்கும்.